வன்னிப் பாடசாலைகளின் முன்னேற்றத்தைத் திட்டமிட நான்கு வழிகள்: எதைத் தெரிவு செய்வது?

வரும் ஆண்டுக்கான பாடசாலை அபிவிருத்தித் திட்டத்தை எந்த வடிவில் எழுதுவது, அது நடக்கிறதா என்பதை யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பது? அதிபரும் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் எடுக்க வேண்டிய முடிவு இது. கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் இதில் பங்கு உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், மன்னார், மடு, வவுனியா என்று வன்னியின் எந்தப் பகுதியின் கல்வி வலயத்தை எடுத்தாலும் இன்று கையில் உள்ள வழிகள் நான்கு. ஐந்தாண்டுத் திட்டமும் அதிலிருந்து பிரியும் வருடாந்த அமுலாக்கத் திட்டமும் முதலாவது. அலுவலர் குழு வந்து செய்யும் வெளிவாரி மதிப்பீடு இரண்டாவது. மூன்றாவது, ஒரு தவணைக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதி, அயற்பாடசாலைகள் ஒன்றையொன்று போய்ப் பார்ப்பது. நான்காவது, இணையத்திலோ கணினித் தாளிலோ தரவைச் சேர்த்து, அதை வலயத்தில் இருந்து கவனிப்பது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வன்னியின் பெரும்பாலான பாடசாலைகளுக்கு மூன்றாவது வழியே முதுகெலும்பாக இருக்க வேண்டும். மற்ற மூன்றும் அதற்குத் துணையாக, அளவாக இருந்தால் போதும்.

எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல் கவனிக்கும் இடைவெளி. தரம் 3இல் ஒரு பிள்ளை வாசிப்பில் பின்தங்கத் தொடங்குகிறது. அதைச் சரிசெய்யக் கூடிய ஒருவருக்கு அந்தச் செய்தி எத்தனை வாரத்தில் போய்ச் சேருகிறது? தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்த பிறகுதான் என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. க.பொ.த சாதாரண தரப் பெறுபேற்றில்தான் என்றால் எட்டு ஆண்டுகள். அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்த ஆசிரியர்களில் பாதிப்பேர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார்கள்.

இரண்டாவது, ஆள் மாறினாலும் திட்டம் நிற்குமா என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்து, கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பும் ஆசிரியர்களை நம்பித்தான் இங்கே பல பாடசாலைகள் ஓடுகின்றன. அவர்களைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. குடும்பத்தை விட்டு வந்து படிப்பிக்கிறார்கள். ஆனால் அவர்களோடு சேர்ந்து புறப்பட்டுவிடும் திட்டம் திட்டம் ஆகாது.

மூன்றாவது, அந்த வழி வகுப்பறையிலிருந்து எத்தனை மணித்தியாலத்தை எடுக்கிறது. நான்கு ஆசிரியர்கள் உள்ள ஒரு வகை 3 பாடசாலையில் (ஆரம்ப வகுப்புகளைக் கொண்ட சிறிய பாடசாலை) அதிபரும் ஒரு வகுப்பு எடுக்கிறார். அவர் படிவம் நிரப்பும் ஒவ்வொரு பாடவேளையிலும் ஒரு வகுப்பு சும்மா இருக்கிறது.

வன்னிக்கு மட்டும் உரிய இன்னொரு விடயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2009இல் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கொட்டிலுக்குள் படித்த பிள்ளைகள்தான் இன்று ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் தாய் தந்தையர். படிக்க வேண்டிய ஆண்டுகள் அவர்களிடமிருந்து பறிபோயின. ஆகவே, வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற எண்ணத்தில் போடப்படும் திட்டம் பல குடும்பங்களில் முதல் வாரத்திலேயே நின்றுவிடும். பெற்றோரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. திட்டத்தின் வேலை பாடசாலை நேரத்துக்குள், 7.30க்கும் 1.30க்கும் இடையில் முடிய வேண்டும். மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளையைப் பின்னேர வகுப்புக்கு நிறுத்த முடியாது. யானை நடமாடும் பாதையில் இருட்ட விட்டு அனுப்பவும் முடியாது.

ஐந்தாண்டுத் திட்டமும் வருடாந்த அமுலாக்கத் திட்டமும்

பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் தொடங்கியதிலிருந்து பாடசாலை அபிவிருத்திக் குழுவும் முகாமைத்துவக் குழுவும் சேர்ந்து திட்டம் எழுதும் முறை இலங்கை முழுவதும் பழகிப் போய்விட்டது. இதைக் கைவிட முடியாது, கைவிடவும் கூடாது. கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கான தர உள்ளீட்டு நிதியும் பிற ஒதுக்கீடுகளும் இந்தத் திட்டத்தில் எழுதப்பட்ட வேலைகளுக்குத்தான் செலவிடப்பட வேண்டும். கணக்காய்வு வரும்போது கேட்கப்படுவதும் இதுதான். புதிய கட்டடம், மலசலகூடம், குடிநீர், விளையாட்டுத் திடல் போன்ற நீண்டகால வேலைகளுக்கு ஐந்தாண்டுப் பார்வை தேவை.

கற்றல் விடயத்தில் இது தோற்கும் இடங்கள் வெளிப்படையானவை. போன ஆண்டுக் கோப்பைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றுவது முதலாவது. செயற்பாடுகள் ஐம்பது, அறுபது என்று நீள்வது அடுத்தது. ‘பொறுப்பு’ என்ற நிரலில் ‘ஆசிரியர்கள்’ என்று எழுதியிருக்கும். அப்படியென்றால் யாருக்கும் பொறுப்பில்லை. ‘குறிகாட்டி’ நிரலில் ‘பெறுபேறு உயர்ந்திருக்கும்’ என்று இருக்கும். எவ்வளவு, யாருக்கு, எந்தத் திகதிக்குள் என்று இராது. மீளாய்வின்போது ‘நடைபெற்றது’ என்று சரி அடையாளம் இடப்படும். வாசிப்பு முகாம் நடந்தது உண்மை. அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் வாசித்தார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

பணம் வரும் காலமும் இடிக்கிறது. நிதி இரண்டாம் தவணை கடந்து கைக்கு வந்தால், மூன்று விலைமனு எடுத்து, குழு கூடி, பொருள் வாங்கி முடிக்க ஆண்டு முடிந்துவிடும். ஆகவே கற்றல் இலக்குகளில் முக்கியமானவை பணமே இல்லாமல் தொடங்கக் கூடியவையாக இருக்க வேண்டும். ஆசிரியர் நேரம், நேரசூசி மாற்றம், நூலகத்தில் ஏற்கெனவே உள்ள புத்தகம் ஆகியவை ஜனவரியிலேயே கையில் இருக்கின்றன.

இந்த வழியை வைத்திருங்கள், ஆனால் சுருக்குங்கள். பௌதிக வளம், நிதி, நலன்புரி ஆகியவற்றுக்கு வருடாந்தத் திட்டம் போதும். கற்றல் பகுதியை அதிலிருந்து பிரித்துத் தவணைத் திட்டத்துக்குக் கொண்டு போகலாம்.

வெளிவாரி மதிப்பீடு

கல்வி அமைச்சின் தர உறுதிப்பாட்டு முறையில் மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், கலைத்திட்ட முகாமைத்துவம், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், தலைமைத்துவம், பௌதிக வளம், சமூகத் தொடர்பு ஆகிய துறைகளில் பாடசாலையைப் பார்த்துப் புள்ளியிடுகிறார்கள். இதன் பலம் அகலம். உள்ளே இருப்பவர்களின் கண்ணுக்குப் பழகிப்போன குறைகளை வெளியார் கண்டுபிடிப்பார்கள். ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள் பூட்டின்றி இருப்பதையும், தரம் 8க்கு அழகியல் பாடவேளை ஒதுக்கப்பட்டும் நடக்காமல் இருப்பதையும், இருப்புப் பதிவேடு ஆண்டுக்கணக்கில் மூடப்படாமல் கிடப்பதையும் அவர்கள்தான் கேட்பார்கள்.

பலவீனமும் தெரிந்ததே. வரும் நாள் முன்பே தெரியும். அந்த வாரம் சுவர் கழுவப்படும், பாடக்குறிப்பு எழுதி நிரப்பப்படும், வகுப்பில் ஏற்கெனவே படிப்பித்த பாடம் மீண்டும் படிப்பிக்கப்படும். அறிக்கை கைக்கு வரத் தாமதமானால் அதில் உள்ள பரிந்துரை அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குக்கூடப் பயன்படாது. கவனிக்கும் இடைவெளி என்ற அளவுகோலில் இது மிக மோசமான வழி. வலயத்தில் உள்ள எல்லாப் பாடசாலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவர ஆண்டுகள் பிடிக்கும்.

இதைப் பயனுள்ளதாக்க ஒரே ஒரு நிபந்தனை போதும். குழு பாடசாலையை விட்டுப் புறப்படும் முன், அதே நாளில், மூன்று பரிந்துரைகளைக் கையால் எழுதி அதிபரிடம் கொடுக்க வேண்டும். புள்ளி பிறகு வரட்டும். புதிய அதிபர் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலும், பெறுபேறு தொடர்ந்து சரியும் பாடசாலையிலும் இந்த மதிப்பீட்டை முன்னுரிமையாகக் கேட்டுப் பெறலாம்.

தவணைத் திட்டமும் அயற்பாடசாலைப் பார்வையும்

ஒரு தவணையில் உண்மையாகக் கிடைக்கும் வாரங்களை முதலில் எண்ண வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வாரத் தவணையில் தொடக்க இரண்டு வாரம் சேர்வு, நேரசூசி, புத்தகம் என்று போகும். கடைசி இரண்டு வாரம் தவணைப் பரீட்சையும் புள்ளியிடலும். இடையில் இல்ல மெய்வல்லுனர் போட்டி, தமிழ்த்தினப் போட்டி. மிஞ்சுவது ஒன்பது வாரம். ஆகவே இலக்கும் ஒன்பது வாரத்துக்கு ஏற்ற அளவாகத்தான் இருக்க வேண்டும்.

எந்த ஒன்பது வாரம் என்பதும் முக்கியம். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை எனக் குளங்களின் கீழ் உள்ள ஊர்களில் காலபோக அறுவடை மாசி, பங்குனியில் வரும்போது பெரிய பிள்ளைகளின் வரவு விழும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மீன்படு காலத்தில் விழும். வற்றாப்பளைப் பொங்கல் வாரத்தில் அயலூர்கள் எல்லாவற்றிலும் விழும். கார்த்திகை, மார்கழி மழையில் பாதை மூடப்பட்டால் ஆசிரியரே வர முடியாது. இவை ஆண்டுதோறும் வருபவை. எதிர்பாராத தடை என்று அறிக்கையில் எழுதுவதில் அர்த்தமில்லை. கடந்த இரண்டு ஆண்டு வரவு இடாப்பை எடுத்து வாரவாரியாகக் கூட்டிப் பார்த்தால் உங்கள் ஊரின் பள்ளமான வாரங்கள் தெரியும். கடினமான வேலையை அந்த வாரங்களுக்கு வெளியே வையுங்கள்.

ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை இவை: எந்தப் பிள்ளைகள், இன்று எந்த நிலை, எந்தத் திகதியில் எந்த நிலை, யார் படிப்பிக்கிறார், எப்போது, எத்தனை மணித்தியாலம், எப்படிச் சோதிப்பது. எடுத்துக்காட்டாக: ‘தரம் 3 முதல் 5 வரை சொல் மட்டத்தில் நிற்கும் 14 பிள்ளைகளில் 10 பேர் தவணை முடிவில் முன்பு பார்க்காத ஒரு பந்தியைத் தடையின்றி வாசிப்பர். வாரம் 4 நாள், நாளுக்கு 30 நிமிடம், 9 வாரம்.’ கூட்டினால் 18 மணித்தியாலம். இந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பது அவசியம். வாரம் ஒரு பாடவேளை (40 நிமிடம்) என்று எழுதினால் ஒன்பது வாரத்தில் 6 மணித்தியாலம்தான் கிடைக்கும். சொல் மட்டத்திலிருந்து பந்திக்குப் பிள்ளையைக் கொண்டு வர அது காணாது. அந்த 30 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்பதும் நேரசூசியில் பெயர் சொல்லிக் காட்டப்பட வேண்டும். ‘மேலதிக நேரத்தில்’ என்று எழுதினால் அது நடக்காது.

சோதிக்கும் முறை எளிது. நான்கு படி: எழுத்து, இரண்டு மூன்று எழுத்துச் சொல், வாக்கியம், பந்தி. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து வாசிக்கச் சொல்லி, தடையின்றி வாசிக்கும் உயர்ந்த படியைப் பெயருக்கு எதிரே குறிப்பது. பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்றால் 25 பேருள்ள வகுப்புக்கு 100 நிமிடம், அதாவது இரண்டரைப் பாடவேளை. இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. பாடப்புத்தகப் பந்தியைக் கொடுத்தால் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லும். விரலை வைத்து நடுவில் உள்ள ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். வகுப்பாசிரியரே சோதித்தால் பாசத்தில் உதட்டை அசைத்து உதவுவார். ஆகவே வேறு வகுப்பு ஆசிரியர் சோதிக்க வேண்டும். மூன்று தவணைக்கும் ஒரே தாளைப் பாவித்தால் இரண்டாம் தடவை அது வாசிப்புச் சோதனையாக இராது. ஒரே கடினத்தில் மூன்று தொகுதி முன்பே தயாரித்து, அதிபரின் அலுமாரியில் பூட்டி வைக்கலாம். கணிதத்துக்கும் இதேபோலத்தான்: இடப்பெறுமானம், இனமாற்றத்துடன் கூட்டல், இனமாற்றத்துடன் கழித்தல், ஓர் இலக்கத்தால் வகுத்தல். நான்கே கேள்வி, பத்து நிமிடம்.

சதவீதத்தை விட்டுவிட்டுப் பெயரையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். வன்னியில் வகுப்புகள் சிறியவை. ஒன்பது பேர் சாதாரண தரம் எழுதும் பாடசாலையில் ஒரு பிள்ளை சித்தியடைந்தால் 11 சதவீதம் ஏறும், ஒரு பிள்ளைக்கு அந்த வாரம் காய்ச்சல் வந்தால் 11 சதவீதம் இறங்கும். போன ஆண்டு 9 பேரில் 4 பேர், இந்த ஆண்டு 11 பேரில் 6 பேர் என்றால் 44இலிருந்து 55க்கு உயர்ந்துவிட்டோம் என்று மேடையில் சொல்லலாம். பாடசாலை மாறிவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. அதேபோல் ஒரு மோசமான ஆண்டை வைத்து ஓர் ஆசிரியரைக் கூண்டில் ஏற்றுவதும் அநியாயம். சிறிய பாடசாலையின் பரீட்சைப் பெறுபேற்றைக் குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சராசரியும் இதேபோல் மறைக்கும். 25 பேருள்ள வகுப்பில் சராசரி வரவு 88 சதவீதம் என்றால் பரவாயில்லை என்று தோன்றும். 20 பிள்ளைகள் 97 சதவீதமும் 5 பிள்ளைகள் 52 சதவீதமும் வந்தாலும் சராசரி அதே 88தான். அந்த ஐந்து பேரும் ஆண்டின் பாதியைத் தொலைக்கிறார்கள். இடைவிலகல் பட்டியலில் நாளை வரப்போகும் பெயர்கள் அவையே. ஆகவே கேட்க வேண்டியது: கடந்த நான்கு வாரத்தில், அதாவது 20 பாடசாலை நாளில், 4 நாளுக்கு மேல் வராதவர் யார் யார்? பட்டியல் மாதம் ஒரு தடவை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணமும், வீட்டுக்குப் போன ஆசிரியரின் பெயரும், போன திகதியும். கிராம உத்தியோகத்தருக்கோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டியதா என்பதை அதிபர் அன்றே முடிவு செய்யலாம்.

இனி அயற்பாடசாலைப் பார்வை. உயர்தர வகுப்புள்ள ஒரு 1ஏபி அல்லது 1சி பாடசாலையும், அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் வகை 2 (தரம் 11 வரை), வகை 3 பாடசாலைகளும் சேர்ந்து நான்கு முதல் ஆறு வரை ஒரு கொத்தணி. மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் போய்வரக் கூடிய தூரம். இதற்கு மேல் போனால் மழைக்காலத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு பாடசாலைக்கும் தவணைக்கு இரண்டு வருகை. வருபவர் ஓர் அதிபரும் ஓர் ஆசிரியரும். மூன்று மணித்தியாலம் போதும்: அதிபருடன் ஒரு பக்கத் திட்டத்தைப் பார்க்க 30 நிமிடம், இரண்டு பாடவேளை வகுப்பறையில் 80 நிமிடம், பட்டியலிலிருந்து தாமே தெரிவு செய்த ஐந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்க 30 நிமிடம், பேசி முடிக்க 40 நிமிடம். முடிவில் எழுதுவது இரண்டு வரி: அடுத்த வருகைக்குள் பாடசாலை செய்வது ஒன்று, வலயத்திடம் கேட்பது ஒன்று.

இந்த வழியின் பெரிய அபாயம் முகத்தாட்சணியம். ஒரே கோட்டத்தில் பல ஆண்டு பழகிய அதிபர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்ல மாட்டார்கள். ‘எல்லாம் நல்லாய் இருக்குது, சேர்’ என்று முடியும். ஐந்து பிள்ளைகளை வருபவரே தெரிவு செய்து கேட்பது இதனால்தான். பிள்ளை வாசிப்பதும் வாசிக்காததும் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. யாரும் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. இரண்டாவது அபாயம், வருகை அறிக்கை தரப்படுத்தலாக மாறுவது. கொத்தணியின் குறிப்பை வலயம் புள்ளியாக மாற்றி வரிசைப்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து உண்மை வெளியே வராது. மேலே போக வேண்டியது அந்த இரண்டு வரிகள் மட்டுமே. மூன்றாவது, சிறிய பாடசாலை அதிபர் வெளியே போனால் அவரது வகுப்பு சும்மா இருப்பது. அவரைத் தவணைக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பக் கூடாது. அன்று அவரது வகுப்பை வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் எடுக்கட்டும். ஆலோசகருக்கும் பிள்ளைகளை நேரில் அறிய அது நல்ல வாய்ப்பு.

இடமாற்றத்தையும் இந்த வழி தாங்கும். போகும் அதிபர் புதியவரிடம் திறப்பும் இருப்புப் பதிவேடும் ஒப்படைக்கும்போது இந்த ஒரு பக்கத்தையும் பெயர்ப் பட்டியலையும் ஒப்படைத்து, சம்பவத்திரட்டில் (பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் புத்தகத்தில்) பதிய வேண்டும். புதியவருக்குப் புரியாததைக் கேட்க அயற்பாடசாலையில் ஓர் அதிபர் இருக்கிறார். தடித்த கோப்பால் இது முடியாது.

இணையவழித் தரவு

வலயத்துக்கு இது கவர்ச்சியானது. இருந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும் என்று தோன்றும். இன்று நடப்பது வேறு. ஒரே மாணவர் தொகையைத் திட்டமிடல் கிளையும் கல்வி அபிவிருத்திக் கிளையும் நிர்வாகக் கிளையும் வெவ்வேறு படிவத்தில் வட்சப்பில் கேட்கின்றன, அதுவும் ‘இன்று 12 மணிக்குள்’ என்று. அதிபர் தனது சொந்தத் தொலைபேசியில், சொந்த டேட்டாவில், சமிக்ஞை கிடைக்கும் மரத்தடியில் நின்று அனுப்புகிறார். நிரப்புபவரே மதிப்பிடப்படுபவர் என்பதால் தாளில் எல்லாக் கட்டமும் பச்சையாகவே வரும்.

வேண்டியது ஒரே ஓர் எக்ஸெல் தாள், வலயத்தில் அதற்குப் பொறுப்பாக ஒருவர், மாதத்துக்கு ஒரு தடவை நான்கு எண்கள்: நான்கு நாளுக்கு மேல் வராதவர் தொகை, வாசிப்பில் ஒவ்வொரு படியிலும் உள்ளோர் தொகை, ஆசிரியர் வெற்றிடம், நடக்காத பாடவேளை. பிள்ளைகளின் பெயர் பாடசாலையில் இருக்கட்டும். வரவு குறைந்த, வீட்டுப் பிரச்சினை உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வட்சப் குழுவில் போடுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் தீங்கு; ஒருபோதும் செய்யாதீர்கள். எண்களைச் சரிபார்க்க மாதந்தோறும் பத்துப் பாடசாலைக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லாமல் போய், காலை 9 மணிக்கு வகுப்பில் தலையை எண்ணி இடாப்போடு ஒப்பிடலாம். 40 பாடசாலை உள்ள வலயத்தில் அது மாதம் நான்கு வருகைதான்.

வலயம் தன்னிடம் கேட்க வேண்டியவை

இந்த ஒப்பீட்டில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையிடம் கணிதப் பெறுபேற்றுக்கு விளக்கம் கேட்பது அறமல்ல. தரம் 10க்கு விஞ்ஞானப் பாடவேளை வாரம் ஆறும் வெறுமையாக ஓடும் இடத்தில் எந்தத் திட்ட வடிவமும் உதவாது. பதில் சொல்ல முடியாத கண்காணிப்பு பாடசாலையைக் களைப்படையச் செய்யும். மூன்றாவது தடவை கேட்கும்போது உண்மையான பதில் வராது.

ஆகவே எந்த வழியைத் தெரிவு செய்தாலும் வலயமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். கொத்தணிகளிலிருந்து வந்த கோரிக்கைகள் ஒரு நிரலில், கிடைத்த திகதி, பதில் சொன்ன திகதி, என்ன செய்யப்பட்டது என்பவை மற்ற நிரல்களில். பதிலுக்கு இரண்டு வாரம். ‘முடியாது, மாகாணத் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறோம், அதுவரை அயற்பாடசாலை ஆசிரியர் செவ்வாயும் வியாழனும் வருவார்’ என்பதும் பதில்தான். அதிபர்கள் கூட்டத்தில் இந்தத் தாளை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு பாடசாலைகளின் கணக்கைக் கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறும்.

வெற்றிடம் நிரம்பாத இடத்தில் வலயம் எடுக்கக் கூடிய முடிவு ஒன்று உண்டு. கொத்தணிக்குள் நேரசூசியை ஒன்றாகப் போட்டு, ஒரு கணித ஆசிரியரை இரண்டு பாடசாலைக்குப் பகிர்வது. தினமும் இரு இடத்துக்கு ஓடச் செய்யாமல் நாள்வாரியாகப் பிரித்து, போக்குவரத்துச் செலவுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

எந்தப் பாடசாலைக்கு எது

ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த வகை 3 பாடசாலைக்குத் தவணைக்கு ஓர் இலக்கு போதும். அது வாசிப்பாக இருக்கட்டும். பல்தர வகுப்பு (பல தரப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பது) நடக்கும் இடத்தில் தரம் பார்க்காமல் வாசிப்புப் படி பார்த்து 30 நிமிடம் குழுவாக இருத்துவது வசதியும்கூட. வகை 2 பாடசாலைக்கு மூன்று: ஆரம்பப் பிரிவு வாசிப்பு, தரம் 6 முதல் 9 வரை கணித அடிப்படை, வரவு. தரம் 11ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மேலதிக வகுப்பு வைப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. ஆனால் பின்னம் புரியாமல் தரம் 7ஐக் கடந்த பிள்ளையை ஆறு மாதத்தில் தூக்கிவிட முடியாது. 1ஏபி பாடசாலைகளில் ஒரு பக்கம் முழுப் பாடசாலைக்கும் போதாது. பகுதித் தலைவர்கள் தனித்தனிப் பக்கம் எழுதி, பிரதி அதிபர் அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய பாடசாலைகளின் நிர்வாகம் மத்திய அமைச்சின் கீழ் என்றாலும், ஆசிரியர் பகிர்வைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவை கொத்தணியில் சேரலாம்.

தொடங்கும் ஒழுங்கு இது. வலயம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. முதல் தவணையில் விரும்பி வரும் இரண்டு கொத்தணி. முதலாம் வாரம் வரவு இடாப்பிலிருந்து பள்ளமான வாரங்களைக் குறிப்பது. இரண்டாம் வாரம் வாசிப்புச் சோதனையும் பட்டியலும். மூன்றாம் வாரம் ஒரு பக்கத்தை எழுதிப் பாடசாலை அபிவிருத்திக் குழுவில் உரத்து வாசித்து ஏற்பது. பெற்றோர் பிரதிநிதிக்கு விளங்காத வரி இருந்தால் அதைத் திருத்தி எழுதுவது. ஐந்தாம் வாரம் முதல் வருகை, பத்தாம் வாரம் இரண்டாவது. பதினொன்றாம் வாரம் மீண்டும் சோதனை.

ஐந்தாம் வாரத்தில் பட்டியலில் ஒரு பெயரும் நகரவில்லை என்றால், அந்த 30 நிமிடம் உண்மையில் நடந்ததா என்று முதலில் பாருங்கள்; பெரும்பாலும் நடந்திராது, வேறு எதற்கோ போயிருக்கும். நடந்தும் நகரவில்லை என்றால் முறையை மாற்றுங்கள், தவணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லா முயற்சிக்குப் பிறகும் எழுத்து மட்டத்திலேயே நிற்கும் ஓரிரு பிள்ளைகளுக்குக் கண், காது பரிசோதனையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக ஒழுங்கு செய்யுங்கள். இரண்டு தவணை கடந்தும் கொத்தணி வருகைகள் நடக்கவில்லை, கோரிக்கைகளுக்கு வலயத்தின் பதிலும் வரவில்லை என்றால் மூன்றாம் கொத்தணியைச் சேர்க்க வேண்டாம். உள்ள இரண்டும் ஏன் நின்றன என்பதை அந்த அதிபர்களோடு இருந்து பேசி, தூரமா, நேரமா, ஆளா என்று கண்டறிந்து சரிசெய்த பிறகு அடுத்த ஆண்டுக்கு விரிவாக்குங்கள்.